டாக்டரம்மாவைக் கேளுங்கள்: குட்டி எழுந்ததும் நீங்களும் எழுந்திருங்கள்

சென்ற மாதம் கறவை மாடுகளைப் பற்றி எழுதியபோது, நாய்க்குட்டி வளர்ப்பவர்களும் எழுதலாம் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல். குட்டி வீட்டுக்குள்ளேயே ஒன்றுக்கும் இரண்டுக்கும் போய்விடுகிறது, என்ன செய்வது? 1988ல் அரூர் பக்கம் கால்நடை மருத்துவராக வேலைக்குச் சேர்ந்தேன். 2004ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன்பும் பின்பும் இரண்டு பக்கமும் வேலை பார்த்திருக்கிறேன். ஓய்வு பெற்று தருமபுரி குமாரசாமிப்பேட்டையில் இருக்கும் இப்போதும் வாசலில் வந்து இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அதனால் இந்த மாதம் முழுக்க இதுதான்.

கேள்வி: எங்கள் குட்டிக்கு இரண்டு மாதம். அரை மணி நேரம் ரோட்டோரம் வைத்திருந்தாலும் ஒன்றும் போவதில்லை. உள்ளே வந்த மறுநிமிடம் சோபாவுக்குப் பின்னால் போய் இருந்துவிடுகிறது. என் கணவர் அதன் மூக்கைப் பிடித்து அதிலேயே தேய்த்து இரண்டு அடி போடுகிறார். மாமியார் யாருக்காவது கொடுத்துவிடச் சொல்கிறார். குட்டி எங்களைப் பழிவாங்குகிறதா?
— வாசகி, காவேரிப்பட்டினம்

பதில்: பழிவாங்க அதற்குத் தெரியாதம்மா. சோபாவுக்குப் பின்னால் போகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே விஷயம் இருக்கிறது. ஒளிந்துகொண்டு போகிறது. யாரிடமிருந்து ஒளிகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. அரூர் குவார்ட்டர்ஸில் இருந்தபோது மணி என்று ஒரு குட்டி வளர்த்தேன். பட்டம் வாங்கிய கையோடு வந்தவள், மாட்டுக்கும் ஆட்டுக்கும் வைத்தியம் தெரியும். குட்டி வளர்க்கத் தெரியாது. உள்ளே போனால் பேப்பரைச் சுருட்டி அடிப்பேன். ஒரே வாரத்தில் கூடத்தில் ஈரமே இல்லை. பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். பொங்கலுக்குச் சுத்தம் செய்ய அரிசி டிரம்மை நகர்த்தினால், பின்னால் சுவரோரம் முழுக்க மஞ்சளாகக் காய்ந்து கிடந்தது. அது மட்டுமில்லை. வெளியே கூட்டிப் போனாலும் என் எதிரில் அது போகவே போகாது. கயிற்றின் அந்த முனையில் நின்றுகொண்டு, காதைப் பின்னால் மடித்து, என் கையையே பார்க்கும். அந்தப் பார்வை இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. இந்த ஆள் பார்க்கும்போது போனால் அடி விழும் என்பதைத்தான் நான் அதற்குக் கற்றுக் கொடுத்திருந்தேன். எங்கே போக வேண்டும் என்பதை ஒரு நாளும் சொல்லிக் கொடுக்கவில்லை. உங்கள் வீட்டிலும் அதுதான் நடக்கிறது. மூக்கைத் தேய்ப்பதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். அரை நிமிடத்துக்கு முன் நடந்ததற்கும் இப்போது விழும் அடிக்கும் முடிச்சுப் போட இந்த வயதுக் குட்டிக்குத் தெரியாது.

இனி உங்கள் மாமியாரிடம் ஒன்று கேளுங்கள். மாடு வைத்திருந்த வீடாக இருந்தால் அவருக்குத் தெரியும். விடியற்காலையில் கோமியம் பிடிக்க எப்போது சொம்பை எடுத்துக்கொண்டு போவார்கள்? படுத்திருந்த மாடு எழுந்து நின்றதும். பிந்திப் போனால் கிடைக்காது. குட்டியும் அப்படித்தான். தூங்கி எழுந்தால் உடனே ஒன்றுக்கு. சாப்பிட்டால் ஐந்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் இரண்டுக்கு, ஏனென்றால் வயிற்றில் சோறு விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும். ஓடி விளையாடி நின்றதும் மறுபடி ஒன்றுக்கு. விழித்திருந்தால் இதைத் தவிர மணிக்கொரு தரம். பகலில் சும்மா படுத்திருந்தால் இரண்டு மாதக் குட்டி இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும், அதற்கு மேல் அதன் உடம்பால் முடியாது. பகல் முழுக்க வீட்டில் இருக்கும் மாமியார்தான் இதற்கு ஏற்ற ஆள். கொடுத்துவிடச் சொல்கிறவரிடமே பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். குட்டி அவர் பின்னாலேயே சுற்ற ஆரம்பித்தால் அப்புறம் அந்தப் பேச்சே வராது.

போகப்போகிறது என்பதைக் குட்டி முன்கூட்டியே காட்டும். எங்கள் வீட்டில் இப்போது பேத்தி கொண்டுவந்த கருப்பி என்ற குட்டி இருக்கிறது. நேற்று துணிப்பந்தைக் கடித்துக்கொண்டிருந்தது, திடீரென்று பந்தைப் போட்டுவிட்டது. மூக்கைத் தரையில் ஒட்டிக்கொண்டு நாலடி நடந்தது, திரும்பியது, ஒரு சின்ன வட்டம் போட்டது. வாலின் அடிப்பாகம் கொஞ்சம் தூக்கியது. இவ்வளவும் பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும். அந்தப் பத்துக்குள் குட்டியை வயிற்றோடு தூக்கிக்கொண்டு வெளியே போக வேண்டும். கத்தாதீர்கள், பயந்துபோய் அங்கேயே விட்டுவிடும்.

எங்கே கொண்டு போவது என்பதும் முக்கியம். காவேரிப்பட்டினத்தில் ரோட்டோரம் என்றால் லாரி ஹாரன், பஸ், பத்துத் தெருநாய்கள். பயந்த குட்டி அடக்கிக்கொள்ளும். அமைதியான வீட்டுக்குள் வந்ததும் உடம்பு தளர்ந்து விட்டுவிடும். வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல் பக்கமோ தென்னை மரத்தடியிலோ ஒரே இடமாக முடிவு செய்யுங்கள். முந்தின நாள் துடைத்த துணியை அங்கே போட்டு வையுங்கள், வாசனை அதற்கு வழி சொல்லும். சின்னக் கயிற்றில் பிடித்துக்கொண்டு அசையாமல் நில்லுங்கள். விளையாட்டு வேண்டாம், பேச்சு வேண்டாம். போகும்போது மட்டும் மெதுவாக ஏதாவது ஒரே சொல்லைச் சொல்லுங்கள். நான் "போ கண்ணு" என்பேன். முடித்த நொடியில், அங்கேயே, ஒரு கடலைப்பருப்பு அளவு முட்டை வெள்ளையோ வேகவைத்த கோழியோ கொடுங்கள். வீட்டுக்குள் வந்து கொடுத்தால் உள்ளே வந்ததற்காகக் கொடுத்ததாகத்தான் அது நினைக்கும்.

ஐந்து நிமிடம் நின்றும் போகவில்லையா, சரி, உள்ளே வாருங்கள். ஆனால் தரையில் விடாதீர்கள். மடியிலோ, இடுப்பில் கட்டிய கயிற்றிலோ பத்து நிமிடம் வைத்திருந்து மறுபடி வெளியே. இந்தப் பத்து நிமிடத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். உங்கள் சோபா நனைவது இந்த நேரத்தில்தான்.

இரவில் படுக்கும் முன் ஒரு முறை, இரண்டு மணி வாக்கில் அலாரம் வைத்து ஒரு முறை. நாலு மாதம் ஆனால் பெரும்பாலான குட்டிகள் விடியும்வரை தூங்கும். முழுவதும் பழக ஐந்தாறு மாதம் ஆகும், சிலவற்றுக்கு ஒரு வயதுகூட ஆகலாம். உங்கள் கணவரைக் கண்டு குட்டி பயப்படுவதால் முதல் இரண்டு வாரம் வெளியே கூட்டிப் போவது நீங்களோ மாமியாரோ இருக்கட்டும். அவர் சோறு வைக்கட்டும். அந்தக் கை அடிக்கிற கை இல்லை என்று அதற்குத் தெரிய வேண்டும்.

கேள்வி: நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். மூன்றாவது மாடி ஃபிளாட். காலை எட்டு மணிக்குப் போனால் மாலை ஐந்தரைக்குத்தான் வருவோம். 50 நாள் குட்டியை எப்படிப் பழக்குவது?
— வாசகர், ஓசூர்

பதில்: மனதில் இருப்பதைச் சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். ஒன்பதரை மணி நேரம் தனியாக அடைந்து கிடந்து, தன் மூத்திரத்திலேயே படுத்துப் பழகிவிட்ட குட்டியைத் திருத்துவது மிகவும் கஷ்டம். பிறந்து மூன்று வாரத்தில் குட்டி தள்ளாடித் தள்ளாடிப் படுக்கையை விட்டு விலகிப் போய் இருக்கத் தொடங்கும். அதற்கு முன் தாய் நக்கிவிட்டால்தான் ஒன்றுக்கே வரும், தாயே சுத்தமும் செய்துவிடும். படுக்கிற இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்ற அந்தக் குணத்தை வைத்துத்தான் நாம் பழக்குகிறோம். அதைக் கெடுத்துவிட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

அதனால் பகலில் இரண்டு முறையாவது யாராவது வந்தாக வேண்டும். பக்கத்து ஃபிளாட் பாட்டி, காவலாளியின் வீட்டம்மா, யாரையாவது கேட்டுப் பேசி ஒரு தொகை கொடுங்கள். அதோடு பால்கனியில் அகலமான பிளாஸ்டிக் டிரேயில் நாலு விரல் உயரத்துக்கு மண் நிரப்பி, மேலே வேரோடு பெயர்த்த புல்லைப் பதித்து வையுங்கள். படுக்கை ஒரு மூலை, டிரே எதிர் மூலை, நடுவில் தண்ணீர்க் கிண்ணம். நியூஸ்பேப்பரும் விரிக்கலாம், ஆனால் பேப்பரில் பழகிய குட்டி பின்னால் நீங்கள் படிக்கப் போடும் பேப்பரிலும் போகும். மண்ணிலும் புல்லிலும் பழகினால் பெரிதானதும் கீழே கொண்டு போவது சுலபம்.

கீழே இறக்குவது பற்றி ஒன்று. தடுப்பூசி ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம்வரை போகும். அது முடியும்வரை தெருநாய்கள் திரியும் மண்ணில் குட்டியை விட வேண்டாம். குட்டிகளுக்கு ரத்தப் பேதி வரவைக்கும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மார்கழிக் குளிரில் ஓசூர் விடியற்காலைக்கு 50 நாள் குட்டி நடுங்கும், நடுங்குகிற குட்டி ஒன்றுக்குப் போகாது. துண்டில் சுற்றித் தூக்கிப் போய் டிரேயில் விடுங்கள்.

இன்னும் வாங்கவில்லை என்றால், இரண்டு வயதான வளர்ந்த நாட்டு நாயைத் தத்தெடுக்கப் பாருங்கள். உங்கள் வேலை நேரத்துக்கு அதுதான் பொருந்தும்.

கேள்வி: டாக்டரம்மா, நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். எங்க அப்பா வேலை முடிந்து வந்து "டேய்" என்று குனிந்து கூப்பிட்டாலே எங்கள் டாமி படுத்துக்கொண்டு ஒண்ணுக்குப் போய்விடுகிறது. மற்ற நேரம் வெளியேதான் போகிறது. ஏன்?
— மாணவர், பாலக்கோடு

பதில்: தம்பி, நன்றாகக் கவனித்திருக்கிறாய். இது பழக்கக் குறை இல்லை. "நீங்கள் பெரியவர், நான் சின்னவன், என்னை ஒன்றும் செய்யாதீர்கள்" என்று நாய்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் முறை இது. பெரிய உருவம் மேலே குனிந்து, நேராகக் கண்ணைப் பார்த்து, கனத்த குரலில் கூப்பிடும்போது அதற்குத் தானாக வந்துவிடும். திட்டினால் இன்னும் அதிகமாகும், துளியும் திட்ட வேண்டாம். அப்பாவிடம் சொல், வந்ததும் இரண்டு நிமிடம் டாமியைப் பார்க்காமலே செருப்பைக் கழற்றி, கை கால் கழுவட்டும். அப்புறம் பக்கவாட்டில் திரும்பிக் குந்தி உட்கார்ந்து, தலையைத் தொடாமல் தாடைக்குக் கீழே தடவட்டும். முடிந்தால் வாசலிலேயே இதைச் செய்யட்டும், போனாலும் மண்ணில் போகும். வளர வளரச் சரியாகிவிடும்.

கேள்வி: குட்டி போன இடத்தில் ஃபினாயில் ஊற்றுகிறேன், பிளீச்சிங் பவுடரும் போட்டுப் பார்த்தேன். ஆனாலும் திரும்பத் திரும்ப அதே இடத்துக்குத்தான் போகிறது.
— வாசகி, ஊத்தங்கரை

பதில்: இரண்டையும் நிறுத்திவிடுங்கள். மூத்திரத்தின் மேல் பிளீச்சிங் பவுடர் போட்டால் கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும் வாயு வரும். ஃபினாயில் பட்ட காலைக் குட்டி நக்கும், அது விஷம். நமக்கு ஃபினாயில் வாசனை மட்டும் தெரியும். குட்டிக்கு அதற்கு அடியில் இருக்கும் பழைய வாசனையும் தெரியும். முதலில் பழைய துணியால் ஒற்றி எடுங்கள். தண்ணீர் விட்டுத் துடைத்து, ஆப்ப சோடா தூவிக் கால் மணி நேரம் விட்டு, மறுபடி துடையுங்கள். டைல்ஸ் தரையானால் வினிகரும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து துடைக்கலாம். மொசைக், மார்பிளுக்கு வினிகர் வேண்டாம், அரித்துவிடும். அந்த மூலையிலேயே குட்டியின் சோற்றுத் தட்டை வைத்துப் பாருங்கள். சாப்பிடும் இடத்தில் அது போகாது.

கேள்வி: ஒருவரிடம் குட்டி வாங்கினோம், 30 நாள்தான் ஆகிறது என்கிறார்கள். பசும்பால் மட்டும் கொடுக்கிறோம். நாள் முழுக்கத் தண்ணீராகப் போகிறது. வெளியே கொண்டு போக நேரமே கிடைப்பதில்லை.
— வாசகர், போச்சம்பள்ளி

பதில்: பழக்குவதைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள், முதலில் வயிறு. 30 நாளில் தாயிடமிருந்து பிரித்து விற்பது பாவம். எட்டு வாரமாவது தாயோடு இருந்திருக்க வேண்டும், சுத்தப் பழக்கத்தில் பாதியை அங்கேயே கற்றிருக்கும். பசும்பாலில் இருக்கும் சர்க்கரை பல குட்டிகளுக்குச் செரிப்பதில்லை, அதனால்தான் பேதி. குழையக் குழைய வேகவைத்த சோற்றில் தயிரும் கொஞ்சம் கோழிச்சாறும் கலந்து, உப்பு மசாலா இல்லாமல், ஒரு நாளைக்கு ஐந்து முறை சிறிது சிறிதாகக் கொடுங்கள். நம் ஊர்க் களியைத் தண்ணீராகக் கரைத்துக் கொடுக்கலாம், ஆனால் களி மட்டும் போதாது. வளரும் குட்டிக்கு முட்டை, கறி வேண்டும். பூச்சி மருந்து இரண்டு வார வயதிலிருந்தே தொடங்க வேண்டும், விற்றவர் கொடுத்திருக்கமாட்டார். எடை பார்த்துத்தான் மருந்து, நீங்களாக வாங்கி ஊற்றாதீர்கள். இந்த வயதுக் குட்டி நீர் வற்றினால் தாங்காது, அதனால் இன்றே கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிப் போங்கள். வாந்தி எடுத்தாலோ ரத்தம் கலந்து போனாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம்.

மாந்தோப்புப் பக்கம் இருப்பவர் என்பதால் ஒன்று சொல்லிவைக்கிறேன். சீசனில் மாங்கொட்டையைக் குட்டிக்கு எட்டும் இடத்தில் போடாதீர்கள். சதை வாசனைக்கு விழுங்கி, குடலில் அடைத்து, அறுவை சிகிச்சைவரை போன நாய்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஏழு மாதப் பெட்டை. மூன்று மாதமாக வீட்டுக்குள் போனதே இல்லை. நான்கு நாளாகச் சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டே இருக்கிறது, போகும்போது முனகுகிறது. மறந்துவிட்டதா?
— வாசகி, பென்னாகரம்

பதில்: மறக்கவில்லை, வலிக்கிறது. நன்றாகப் பழகிய நாய் திடீரென்று இப்படிச் செய்தால், அதுவும் முனகினால், மூத்திரப் பையில் புண்ணோ கல்லோ இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். பருவத்துக்கு வரும்போதும் அடிக்கடி போகும், ஆனால் அப்போது முனகாது. நாளைக் காலை வெளியே விடும்போது, அது குந்தியதும் பின்னாலிருந்து ஒரு சுத்தமான தட்டை மெதுவாக நீட்டிப் பிடியுங்கள். இரண்டு ஸ்பூன் கிடைத்தால்கூடப் போதும். வெந்நீரில் கழுவிக் காயவைத்த சின்னப் பாட்டிலில் ஊற்றி, நாயையும் கூட்டிக்கொண்டு காலையிலேயே மருத்துவரிடம் போய்விடுங்கள். வழியில் தண்ணீர் குடிக்கக் கேட்டால் கொடுங்கள், தடுக்காதீர்கள். சொட்டுகூட வராமல் முக்கிக்கொண்டே இருந்தால் காலைவரை காத்திருக்காமல் இரவே கிளம்புங்கள்.