அடிபட்ட ஆட்டக்காரருக்கு என்ன விலை?

இம்முறை வந்த கேள்விகளில் ஆட்டத்தைவிடக் காயமும் காசும்தான் அதிகம். விடியற்காலைக் குளிரில் கம்பளிக்குள் உட்கார்ந்து என்பிஏ, அதாவது அமெரிக்கக் கூடைப்பந்து லீக், பார்க்கிற கூட்டம் நீலகிரியில் இத்தனை பெரிது என்பது எனக்கே புதுச் சேதி.

கேள்வி: ஒரு சீசன் முழுக்க உட்கார்ந்திருந்தவரை, நன்றாக ஆடுகிற ஒருவரைக் கொடுத்து வாங்குகிறார்களே, இது என்ன கணக்கு? (கோத்தகிரி)

பதில்: கவாத்து வெட்டிய தேயிலைத் தோட்டத்தை விலை பேசுகிறவர், இன்றைக்கு எத்தனை கிலோ கொழுந்து என்றா கேட்பார்? வேர் எப்படி, குத்தகை எத்தனை வருஷம் என்றுதானே கேட்பார்! 2017-18 சீசனில் தொடைத் தசைக் காயத்தால் கவாய் லெனர்ட் ஆடியது வெறும் 9 ஆட்டம். 2018 ஜூலையில் டொராண்டோ அணி தன் செல்லப்பிள்ளை டிமார் டிரோசனையே கொடுத்து அவரை வாங்கியது. ரசிகர்கள் கொதித்தார்கள். ஆனால் லெனர்டின் ஒப்பந்தத்தில் உறுதியாக மிச்சமிருந்தது ஒரே வருஷம். கால் தேறாவிட்டால் போவது ஒரு சீசன்தான். அடிக்கடி ஓய்வு கொடுத்து, லீக் கட்டத்தில் 60 ஆட்டங்களில் மட்டும் இறக்கினார்கள். 2019 ஜூனில் கோப்பை கைக்கு வந்தது. அடுத்த மாதமே அவர் கிளிப்பர்ஸ் அணிக்குக் கிளம்பிவிட்டார் என்பது வேறு விஷயம். கோப்பையைத் திருப்பிக் கேட்கவில்லையே.

ஆகவே ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கு முன்னால் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள் என்பேன். தொகை பெரிதா சிறிதா என்பதுகூட இரண்டாம்பட்சம். எத்தனை வருஷம் பாக்கி என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

கேள்வி: எந்தக் காயம் மதிப்பை அதிகம் இறக்கும்? (குன்னூர்)

பதில்: கணுக்கால் சுளுக்கை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற நார் அறுந்தால் ஒன்பது மாதம் முதல் ஒரு வருஷம் வரை ஆகும். இளைஞர்கள் பெரும்பாலும் திரும்பிவிடுகிறார்கள். அணிகள் நடுங்குவது அக்கிலீஸுக்கு, அதாவது குதிகாலுக்கு மேலிருக்கும் அந்தத் தடித்த தசைநாருக்கு. தரையை உதைத்துக் கிளம்பும் முதல் எட்டின் வேகம் அதில்தான் இருக்கிறது.

ஆனாலும் ஒரே காயம் எல்லோருக்கும் ஒரே விலையல்ல. கெவின் டுரான்டுக்கு அது 2019 ஜூன் 10 அன்று இறுதிச் சுற்றில் அறுந்தது. அந்த மாதம் முடிவதற்குள் புரூக்ளின், நான்கு வருஷத்துக்கு 16.4 கோடி டாலர் தர இசைந்தது, முதல் வருஷம் ஒரு ஆட்டம்கூட ஆடமாட்டார் என்று தெரிந்தே. ஏழடியை ஒட்டிய உயரம், யார் தலைக்கு மேலும் எறிகிற கை. கால் கொஞ்சம் மந்தமானாலும் இந்த இரண்டும் எங்கே போகும்?

ஜான் வால் கதை நேர்மாறு. அவருடைய ஆட்டமே ஓட்டம்தான். 2017-ல் வாஷிங்டன் கொடுத்த நீட்டிப்பு நான்கு வருஷம், 17 கோடி டாலர். தொடங்க வேண்டியது 2019-20-ல். அது தொடங்குவதற்கு முன்பே, குதிகால் அறுவை முடிந்து ஓய்வில் இருந்தவர் வீட்டில் வழுக்கி விழ, அக்கிலீஸ் அறுந்தது. 2020 டிசம்பரில் அவரோடு முதல் சுற்று டிராஃப்ட் உரிமை (புதுமுக வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) ஒன்றையும் ஹூஸ்டனுக்குச் சேர்த்துக் கொடுத்து, அதேபோல் கனமான ஒப்பந்தம் உள்ள வெஸ்ட்புரூக்கை வாங்கினார்கள். ஒரு வருஷம் கழித்து ஹூஸ்டன், இளம் வீரர்களை வளர்க்கப்போகிறோம் என்று 2021-22 சீசன் முழுக்க ஜான் வாலை இறக்கவே இல்லை. அந்த சீசனுக்கு அவர் சம்பளம் சுமார் 4.4 கோடி டாலர்.

கேள்வி: காயத்துக்குப் பயந்து மலிவாக முடிந்த ஒப்பந்தம் ஏதாவது? (ஊட்டி)

பதில்: ஸ்டீபன் கரி. கணுக்கால் தொல்லையால் 2011-12 சீசனில் 26 ஆட்டம்தான் ஆடினார். 2012 அக்டோபரில் நான்கு வருஷத்துக்கு 4.4 கோடிக்குக் கையெழுத்துப் போட்டார். மேலே வால் ஒரே சீசனில் உட்கார்ந்தபடி வாங்கியது கிட்டத்தட்ட அதே தொகை! அந்த ஒப்பந்தத்தின் நான்கு வருஷத்துக்குள் கரிக்கு இரண்டு எம்விபி (சீசனின் சிறந்த வீரர்) விருதும் இரண்டு கோப்பையும்.

கேள்வி: ஒப்பந்தம் போட்டபின் அடிபட்டால் அணி பணம் தராமல் தப்பிக்க முடியுமா? (ஊட்டி, அதே வாசகர்)

பதில்: பெரும்பாலும் முடியாது; என்பிஏ ஒப்பந்தங்களில் சம்பளம் உறுதி செய்யப்பட்டது. முதல் இரண்டு சீசன் ஆடாமலே கழித்த ஜோயல் எம்பீடுக்கு 2017-ல் நீட்டிப்பு கொடுத்தபோது, பழைய பாத, முதுகுக் காயங்கள் திரும்பி நிறைய ஆட்டங்கள் தவறினால் குறைந்த பணத்தோடு விடுவிக்கலாம் என்று பிலடெல்பியா எழுதி வாங்கியது. அப்படி எழுத எல்லா வீரரும் சம்மதிப்பதில்லை. இன்சூரன்ஸ் உண்டு; ஆனால் முன்பே பழுதான உறுப்பை அவர்கள் விலக்கிவைக்கலாம். அது கிடைத்தாலும் முதலாளிக்குக் காசு திரும்புமே தவிர, அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைத்திருக்கும் உச்சவரம்புக் கணக்கில் அந்தத் தொகை அப்படியே கிடக்கும்.

கடைசி வழி, விடுவித்துவிட்டுப் பாக்கியைத் தவணையாக நீட்டுவது. மிச்ச வருஷத்தை இரட்டித்து ஒன்று கூட்டுவார்கள். 2025 ஏப்ரலில் அக்கிலீஸ் அறுந்த டேமியன் லில்லர்டுக்கு இரண்டு வருஷம் பாக்கி. மில்வாக்கி அந்த 11.3 கோடியை ஐந்து வருஷத்துக்குப் பிரித்தது. வருஷத்துக்கு ஏறத்தாழ 2.25 கோடி, வேறு அணியில் இருக்கிறவருக்காக. எனக்கு இது உடன்பாடில்லை.

கேள்வி: அறிவித்த டிரேடு (அணிகளுக்குள் வீரர் மாற்று) ரத்தாகுமா? (கூடலூர்)

பதில்: ஆகும். மருத்துவப் பரிசோதனையில் தேறாவிட்டால் ஆள் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். 2009-ல் டைசன் சாண்ட்லர் கால் பெருவிரல் காயத்தால் திரும்பினார். 2011-ல் டல்லஸுக்குக் கோப்பை வாங்கித் தந்தார். 2025 பிப்ரவரியில் மார்க் வில்லியம்ஸை லேக்கர்ஸ் திருப்பி அனுப்பியது.

கேள்வி: மகனுக்கு ஏசிஎல் அறுவை முடிந்து ஐந்து மாதம். அடுத்த மாதம் ஸ்போர்ட்ஸ் கோட்டா டிரையல்ஸ். காயத்தைச் சொல்லாமல் அனுப்பலாமா? (அருவங்காடு)

பதில்: வேண்டாம் அம்மா. மறைப்பதும் வேண்டாம், அனுப்புவதும் வேண்டாம். மருத்துவப் பரிசோதனையில் முழங்கால் தழும்பு எப்படியும் பேசும். ஒன்பது மாதத்துக்கு முன் ஆட்டத்துக்குத் திரும்புகிறவர்களுக்கு மறுபடி அறுகிற வாய்ப்பு கூடுதல். பிசியோவிடம் இரண்டு சோதனை கேளுங்கள்: ஒற்றைக்காலில் தாவும் தூரமும் முன்தொடை வலுவும், நல்ல காலோடு ஒப்பிட்டால் 90 சதவீதமாவது தொடுகிறதா என்று. நம் ஊரில் ஏற்றத்தைவிட இறக்கம்தான் முழங்காலைச் சோதிக்கும். படிக்கட்டில் இறங்கும்போது தம்பி அந்தக் காலைத் தாங்கித் தாங்கி வைக்கிறானா என்று நீங்களே பார்க்கலாம். ஐப்பசி மழையில் நனைந்த சிமெண்ட் கோர்ட் பக்கம் விடாதீர்கள். டிரையல்ஸ் அடுத்த வருஷமும் வரும். இடையில் ஏதாவது கிளப் கூப்பிட்டால், மறுபடி அடிபட்டால் அறுவைச் செலவும் பிசியோ செலவும் யாருடையது என்பதை எழுத்தில் வாங்கிவிட்டு அனுப்புங்கள்.