முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகும் விளையாடும்போது மட்டும் வலிப்பது ஏன்?
ஏசிஎல் ஜவ்வு (முட்டிக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைப்பது) அறுவை முடிந்து ஓராண்டு. ஸ்கேன் சரியாக இருக்கிறது, நடந்தால் வலியில்லை, ஓடிக் குதித்தால் மட்டும் முட்டியின் முன்பக்கம் வலிக்கிறது என்கிறீர்கள். அறுவையில் வைத்த புதிய ஜவ்வு நன்றாக இருந்தாலும் இப்படி வலிக்கலாம்.

முதலில் சந்தேகிக்க வேண்டியது தொடையின் முன்தசையை. அறுவைக்குப் பின் அது வேகமாக மெலியும், பலம் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். குதித்து இறங்கும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதே அந்தத் தசைதான். அது தளர்ந்திருந்தால் சுமை முட்டிச்சில்லின் மேல் ஏறும். இரண்டு தொடையும் பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். பிசியோதெரபிஸ்டிடம் அளந்து பாருங்கள். தசை பலமும் ஒற்றைக்காலில் தாண்டும் தூரமும் மற்றக் காலோடு ஒப்பிட்டால் 90 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது பரவலான அளவுகோல். 9 மாதம் கடந்துவிட்டது என்பது மட்டுமே விளையாடத் தகுதி ஆகாது. (பலர் காலண்டரைப் பார்த்துத்தான் மைதானத்துக்குத் திரும்புகிறார்கள்!)

முட்டிச்சில்லுக்குக் கீழுள்ள தசைநாணிலிருந்து புதிய ஜவ்வுக்கான திசுவை எடுத்திருந்தால், அந்த இடமே வலிக்கலாம், முக்கியமாக மண்டியிடும்போது.

கால் முழுதாக நீளவில்லையா? உள்ளே தழும்புத் திசு தடுக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

லேசான வலி மறுநாள் காலைக்குள் அடங்கினால் பயிற்சியைத் தொடரலாம். வீக்கம் வந்தால் சுமையைக் குறையுங்கள். முட்டி பூட்டிக்கொண்டாலோ நழுவினாலோ விளையாட்டை நிறுத்திவிட்டு அறுவை செய்த மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சலோடு முட்டி சிவந்து சுட்டால் அன்றே போக வேண்டும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஆடுவதை மட்டும் நான் ஒப்பமாட்டேன். எச்சரிக்கும் வலியே தெரியாமல் போய்விடும்.