எந்தத் தொகுப்பிலும் சேராத என் ஆரம்பகாலக் கவிதைகளை நானே வாசித்துப் பதிவு செய்யலாமா? யாராவது கேட்பார்களா?

யார் கேட்பார்கள் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் பதிவு செய்யுங்கள். எண்பதுகளில் சிற்றிதழ்களில் வந்து அப்படியே காணாமல் போன என் கவிதைகளை, இங்கே பெங்களூரில் அல்சூர் வீட்டில் உட்கார்ந்து நானும் இப்போது வாசித்துப் பதிந்துகொண்டிருக்கிறேன். பேர் வாங்கிய கவிதைகளைத் தொடவே இல்லை. அவற்றை யாராவது எப்படியும் படித்துவிடுவார்கள்.

பாரதி தம் பாட்டுகள் பலவற்றுக்குத் தாமே ராகமும் தாளமும் குறித்து வைத்தார். தளை தட்டாத வெண்பா என்றால் குறிப்பே வேண்டாம். வாய்விட்டுப் படித்தாலே ஓசை வந்துவிடும், ஈற்றடி மூன்று சீரில் போய் நிற்கும். 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' சிற்றிதழ் வழியாக வளர்ந்த புதுக்கவிதைக்கு இந்த வசதி கிடையாது. வரியை எங்கே உடைத்திருக்கிறோம் என்பது தாளில் தெரியும். அங்கே நின்றோமா, மூச்சை விடாமல் அடுத்த வரிக்குத் தாவினோமா என்பது எழுதியவருக்குத்தான் தெரியும்.

கன்டோன்மென்ட் ஸ்டேஷனைப் பற்றிய என் கவிதை ஒன்று 'வண்டி போன பின்னும் / இருந்தது / பிளாட்பாரம்' என்று முடியும். ஒரே மூச்சில் படித்தால் வெறும் செய்தி. 'இருந்தது' என்று சொல்லிக் கொஞ்சம் நிறுத்தினால், என்ன இருந்தது என்று கேட்பவர் ஒரு கணம் தேடுவார். இருபது சொச்சம் வயதில் இதைப் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன். இப்போதும் அவ்வளவு மோசமில்லை.

கவியரங்கக் குரல் மட்டும் வேண்டாம். மேடையில் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை சொல்லியே பழகிவிட்டோம். அங்கே அது சரி. கடைசி வரிசைக்காரருக்கும் கேட்க வேண்டும், கைதட்டலுக்கும் இடம் விட வேண்டும். பதிவைக் கேட்பவரோ இயர்போனோடு தனியாக இருக்கிறார். இரண்டாம் முறை சொன்னால் "சரிப்பா, கேட்டுச்சு" என்றுதான் அவருக்குத் தோன்றும்.

வாசிக்கும்போது சொல்லை மாற்றக் கை அரிக்கும். மாற்றாதீர்கள். எந்த ஆண்டு, எந்த இதழ் என்று முதலில் சொல்லிவிட்டு, அச்சில் உள்ளதை உள்ளபடி படியுங்கள். திருத்திய வடிவம் ஆசையென்றால் அதைத் தனியாகப் பதியுங்கள்.

கருவிக்கு போனே போதும். துணி அலமாரியைத் திறந்து வைத்து அதன் முன்னால் உட்காருங்கள், அடுக்கியிருக்கும் புடவைகள் எதிரொலியைக் குறைத்துவிடும். போன் வாய்க்கு ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும்; நேராக வைத்தால் ஒவ்வொரு 'ப'வுக்கும் காற்று மைக்கில் மோதும். ஃபேனை நிறுத்திவிடுங்கள். பெங்களூரில் இது பெரிய தியாகம் இல்லை, சென்னைக்காரர்கள் பாடுதான் திண்டாட்டம். பகலில் வேண்டவே வேண்டாம். நான் பழைய கவிதையை உருக்கமாக வாசித்துக்கொண்டிருந்தபோது தெருவில் ஒருவர் "ஹளே பேப்பர்!" என்று, அதாவது 'பழைய பேப்பர்' என்று கன்னடத்தில் கூவிக்கொண்டு போனார். விமர்சனம் அதற்குள் வந்துவிட்டது. இரவு பத்து மணிக்கு மேல் அமைதியாக இருக்கிறது.

வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டாகப் பதியாதீர்கள், ஒலியைச் சுருக்கிவிடும். ரெக்கார்டர் செயலியில் ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) வடிவம் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். கோப்பின் பெயரில் கவிதைத் தலைப்பும் ஆண்டும் இருக்கட்டும். வெறுமனே 'ரெக்கார்டிங் 47' என்று கிடந்தால் உங்கள் வீட்டுப் பிள்ளைகள்கூடத் திறந்து பார்க்க மாட்டார்கள்.