காலையில் நடக்கிறார், பதினொரு மணிக்கு முடியவில்லை: அப்பா வேண்டுமென்றே செய்கிறாரா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 68. ஆறு வருடங்களாகப் பார்க்கின்சன் நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். காலையில் தானாகவே நடந்துபோய்ச் செய்தித்தாளை எடுத்து வருகிறார். பதினொரு மணிக்குச் சட்டைப் பொத்தான்கூடப் போட முடியவில்லை. அறை வாசலுக்கு வந்தால் கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடுகிறார். “மனசு வைத்தால் முடியும், இது சோம்பல்” என்று அம்மா திட்டுகிறார். மாத்திரை வேலை செய்யவில்லையா, அல்லது அம்மா சொல்வதுதான் சரியா?

பதில்: உங்கள் அப்பா நடிக்கவில்லை. சோம்பலும் இல்லை. இதை முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

நடுமூளையில் கறுத்த நிறத்தில் ஒரு சிறு பகுதி இருக்கிறது. அங்குள்ள செல்கள்தான் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கின்றன. நாம் யோசிக்காமலே நடப்பதற்கும் பொத்தான் போடுவதற்கும் அந்த டோபமைன் வேண்டும். இந்தச் செல்கள் மெல்ல மெல்ல அழிவதுதான் பார்க்கின்சன். பாதிக்கு மேல் அழிந்த பிறகே கை நடுக்கமோ நடையில் தளர்ச்சியோ வெளியே தெரிகிறது.

1960களின் இறுதியில் புழக்கத்துக்கு வந்த லெவோடோபாதான் இன்றும் இந்த நோய்க்கு முதன்மையான மருந்து. மூளைக்குள் போனதும் அது டோபமைனாக மாறுகிறது. முதல் சில வருடங்கள், மிச்சமிருக்கும் செல்கள் அதைச் சேமித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கும். ஒரு வேளை தாமதமானாலும் பெரிதாகத் தெரியாது. செல்கள் குறையக் குறைய அந்தச் சேமிப்பும் போய்விடுகிறது. ரத்தத்தில் மருந்து இருக்கும்வரை நடக்கிறார், இறங்கியதும் நின்றுவிடுகிறார். காலை ஏழு மணி மாத்திரையின் வேகம் பதினொரு மணிக்குத் தீர்ந்துபோயிருக்கலாம். மருந்து தோற்றுவிடவில்லை, அது நீடிக்கும் நேரம்தான் சுருங்கியிருக்கிறது.

அதனால் ஒரு வாரம் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு நோட்டில் மாத்திரை எடுத்த நேரம், சாப்பிட்ட நேரம், நன்றாக இருந்த நேரம், முடங்கிய நேரம் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். உடம்பு தானாக நெளிந்தால் அதையும் எழுதுங்கள். என்னைப் போன்ற மருத்துவர்களுக்கு ஸ்கேனைவிட இந்த நோட்டு உதவும். இதைப் பார்த்து நரம்பியல் மருத்துவர் மாத்திரைகளின் இடைவெளியைக் குறைக்கலாம், வேறொரு மருந்தைக் கூடவே தரலாம். நீங்களாக அளவைக் கூட்ட வேண்டாம். திடீரென்று நிறுத்தவும் கூடாது. கடும் இறுக்கமும் காய்ச்சலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

அப்புறம், சாப்பாடு. புரதமும் லெவோடோபாவும் குடலில் ஒரே வழியாக உள்ளே போகப் போட்டி போடுகின்றன. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்போ, ஒரு மணி நேரம் பின்போ மாத்திரை கொடுத்துப் பாருங்கள். அதற்காகப் புரதத்தையே நிறுத்திவிடாதீர்கள், ஏற்கெனவே எடை குறையும் நோய் இது. இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் இரண்டு மணி நேரமாவது தள்ளிக் கொடுங்கள். மலச்சிக்கலையும் கவனியுங்கள்.

வாசலில் உறைந்து நிற்பது தனி விஷயம். அப்போது கையைப் பிடித்து இழுத்தால் மேல் உடம்பு முன்னே போகும், கால் வராது, விழுந்துவிடுவார். நிற்கட்டும். ஒரு மூச்சு விடட்டும். உடம்பை இடமும் வலமுமாக மெதுவாக அசைத்து எடையை மாற்றச் சொல்லுங்கள். பிறகு உங்கள் பாதத்தை அவர் காலுக்கு முன்னால் குறுக்கே வைத்து, “இதைத் தாண்டுங்கள் அப்பா” என்று சொல்லிப் பாருங்கள். பல நேரங்களில் கால் எழுந்துவிடும். சமதளத்தில் நடக்க முடியாதவர்கள் மாடிப்படியில் ஏறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். வீட்டாருக்குச் சந்தேகம் வருவதே அங்கேதான். யோசிக்காமல் நடக்கும் வழி அடைபட்டிருக்கிறது, கண் பார்த்து அடி வைக்கும் வழி இன்னும் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். வாசலுக்கு முன்னால் தரையில் சில வண்ண நாடாக்களைக் குறுக்கே ஒட்டினால் படிக்கட்டு தரும் உதவி அங்கேயும் கிடைக்கும். நடக்கும்போது அவர் உடம்பைத் திருப்பும் நேரத்தில் மட்டும் பேச்சுக் கொடுக்காதீர்கள்.

முகத்தில் சிரிப்பே இல்லை என்றும் அம்மாவுக்கு வருத்தம் இருக்கலாம். முகத் தசைகளும் இறுகிப்போகின்றன. உள்ளே சந்தோஷம் இருந்தாலும் வெளியே வராது. குரலும் தேய்ந்துவிடும், ஆனால் உரக்கப் பேசுவதாகவே அவர் நினைப்பார். உண்மையிலேயே மனம் சோர்ந்திருந்தால் அதற்கும் சிகிச்சை உண்டு, கேட்கத் தயங்க வேண்டாம். உடற்பயிற்சியை விட வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. வாந்திக்காக வேறு எங்காவது காட்டினால் இந்த நோய் இருப்பதை முதலில் சொல்லுங்கள். மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெராசின் போன்ற மருந்துகள் டோபமைனைத் தடுத்து நிலைமையை மோசமாக்கும். மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தாலும், பார்க்கின்சன் மாத்திரையை வீட்டில் கொடுத்த அதே நேரத்துக்குக் கொடுக்கும்படி வற்புறுத்துங்கள்.

குளியல், உடை மாற்றுவது எல்லாவற்றையும் மாத்திரை வேலை செய்யும் நேரத்துக்கு மாற்றுங்கள். மாத்திரை எடுத்து முக்கால் மணி நேரம் போகட்டும், பிறகு சட்டையைக் கொடுங்கள். அவசரப்படுத்தாமல் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும். பொத்தானை அப்பாவே போட்டுக்கொள்வார்.