தானியம் இல்லை என்றால் மாவுச்சத்து இல்லை என்று அர்த்தமில்லை

இன்சுலின் போடும் பூனைக்கு 'கிரெய்ன் ஃப்ரீ' உலர் தீனி போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது, தானியத்துக்குப் பதில் உருளைக்கிழங்கோ பட்டாணியோ இருக்கும்.

பாக்கெட்டில் உள்ள புரதம், கொழுப்பு, நார், ஈரம், சாம்பல் (அதாவது தாதுக்கள்) சதவீதங்களைக் கூட்டி 100-இலிருந்து கழியுங்கள். உங்கள் தீனி: 32+12+4+10+8=66; மீதி 34 மாவுச்சத்து. கிராமுக்கான கலோரிக் கணக்கில் புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5-ஆலும் கொழுப்பை 8.5-ஆலும் பெருக்கினால், மொத்தக் கலோரியில் மாவுச்சத்து ஏறக்குறைய 36%. இது 10%-க்குள் இருப்பது நல்லது. ஈர உணவில் பேட்டே (இறைச்சியை மசித்த கூழ்) வகை பார்க்கலாம். கிரேவி வகை வேண்டாம், அதைக் கெட்டியாக்க மாவு சேர்ப்பார்கள்.

ஆனால் மருத்துவரிடம் சொல்லாமல் உணவை மாற்றாதீர்கள். மாவுச்சத்து குறைந்ததும் பழைய இன்சுலின் அளவே அதிகமாகி, சர்க்கரை அபாயகரமாக இறங்கலாம். தள்ளாட்டம், சோர்வு தெரிந்தால் ஈறில் தேன் தடவி உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சிறுநீரகக் கோளாறும் இருந்தால் தேர்வே வேறு.