ராஜபாளையம் களத்தில் இறங்குமா?

கேள்வி: எங்கள் ராஜபாளையம் நாய்க்கு ஒன்றரை வயது. பால் வெள்ளை, ரோஸ் மூக்கு. நாய்க் கண்காட்சியில் நிறுத்தினால் பரிசு கிடைக்குமா?
(விருதுநகர் வாசகர்)

பதில்: நிறம் சரிதான் சார், ஆனால் முதலில் கேட்பது காகிதம். சென்னையில் தலைமையகம் வைத்திருக்கும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் பதிவு இருக்கிறதா? மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) போட்டாயிற்றா? கருத்தடை செய்துவிட்டீர்கள் என்றால் ஆசையை விட்டுவிடுங்கள். அடுத்த தலைமுறைக்கு ஏற்றதா என்று பார்க்கத்தானே இந்தப் போட்டியே! ஆண் நாய் என்றால் நடுவர் விரை இரண்டையும் தொட்டுப் பார்ப்பார். நம் ஊர்க்காரர்கள் அங்கேதான் நெளிவார்கள், நாய் நெளியாது.

பக்கத்து நாயைவிட அழகா என்பதல்ல கணக்கு. அந்த இனத்துக்கு எழுதி வைத்த இலக்கணத்துக்கு எது நெருக்கம் என்பதே. ராஜபாளையத்திடம் எனக்குப் பயம் வேறு: நடுவர் போல வேற்றாள் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தால் உறுமும். அதனால் இப்போதிருந்தே தெரிந்தவர்களிடம் அதன் வாயைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கயிற்றை இழுக்காமல் சீராக ஓடவும் பழக்குங்கள். பவுடர் பூசி வெள்ளையாக்கும் வேலை மட்டும் வேண்டாம். அப்புறம், காது கேட்கிறதா என்று ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள்; வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு உண்டு.