பிளக்கைப் பிடுங்கணுமா, சுவிட்சை அணைத்தால் போதுமா?

கேள்வி: போன் சார்ஜ் ஆனதும் சார்ஜரை அப்படியே பிளக்கில் விட்டுவிடுகிறேன். கரண்ட் இழுத்துக்கொண்டே இருக்குமா?

இழுக்கும், ஆனால் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. இப்போது வரும் நல்ல சார்ஜர்கள் போன் மாட்டாத நேரத்தில் பெரும்பாலும் 0.1 வாட்டுக்கும் குறைவாகத்தான் எடுக்கும். வருடம் முழுக்க விட்டாலும் ஒரு யூனிட் ஆகாது. பழைய கனமான அடாப்டர்கள் வேறு ரகம். உள்ளே செப்புக் கம்பி சுற்றிய டிரான்ஸ்பார்மர் இருக்கும். எதையும் மாட்டாவிட்டாலும் வெதுவெதுவென்றே இருக்கும். அந்தச் சூட்டுக்கும் சேர்த்துத்தான் பில் வருகிறது. சும்மா இருக்கும் அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள், சுட்டால் கழற்றிவிடுங்கள். போலி சார்ஜர் என்றால் பிளக்கில் மட்டுமல்ல, வீட்டிலேயே வேண்டாம். மெயின் மின்சாரம் வரும் பக்கத்துக்கும் போனுக்குப் போகும் பக்கத்துக்கும் நடுவே போதிய இடைவெளி விடாமல் செய்திருப்பார்கள்.

கேள்வி: டிவியை ரிமோட்டில் அணைத்தால் போதாதா? சுவிட்ச் வரை எழுந்து போகணுமா?

ஒரு கணக்கு சொல்கிறேன். எந்நேரமும் 1 வாட் இழுக்கும் பொருள் வருடத்துக்கு 8.76 யூனிட் தின்னும். ரிமோட்டில் அணைத்த பிறகும் கருவி இழுக்கும் ஸ்டாண்ட்பை மின்சாரத்தை 1 வாட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்று சர்வதேச எரிசக்தி முகமை 1999-லேயே சொல்லிவிட்டது. அதன்பின் டிவிகள் நன்றாகவே திருந்திவிட்டன. அதற்காக எழுந்து போவது உங்கள் விருப்பம்.

திருந்தாத ஆள் பழைய செட் டாப் பாக்ஸ். ரிமோட்டில் அணைத்தால் விளக்கு மட்டும் நிறம் மாறும், உள்ளே வேலை ஏறக்குறைய அப்படியே ஓடும். 10 வாட் என்று வைத்தாலும் வருடத்துக்கு 87 யூனிட்டுக்கு மேல். மைக்ரோவேவ் அடுப்பும் அப்படித்தான். 1200 வாட் அடுப்பை நாளுக்கு 5 நிமிடம் ஓட்டினால் 100 வாட்-மணி. அதன் கடிகாரமும் பொத்தான்களும் 3 வாட் எடுத்தால், 24 மணி நேரத்தில் 72 வாட்-மணி! மணி பார்க்க அவ்வளவு செலவு எதற்கு? சுவிட்சை அணையுங்கள்.

கேள்வி: அம்மா இரவில் எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டுத்தான் தூங்குவார். தீப்பிடிக்கும் என்கிறார். அவ்வளவு பயம் தேவையா?

பயம் நியாயமானதுதான், ஆனால் அது போய் நிற்க வேண்டிய இடம் வேறு. சும்மா கிடக்கும் பிளக்கைவிட, வேலை செய்துகொண்டிருக்கும் பிளக்கில்தான் ஆபத்து அதிகம்.

காரணம் இதுதான். பிளக்கின் பித்தளைக் கால்களை எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குள் இருக்கும் தகடுகள் இறுகப் பிடித்திருக்க வேண்டும். நாளாக நாளாகத் தகடு தளரும், கறுக்கும். அந்த ஓர் இடத்தில் மட்டும் மின்தடை ஏறி 0.5 ஓம் ஆகிவிட்டது என்று வையுங்கள். போன் சார்ஜர் ஓடினால் அங்கே உண்டாகும் சூடு ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்கு அளவுதான். உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. அதே ஓட்டையில் 1500 வாட் ஹீட்டரை மாட்டினால், 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் ஓடும், அந்தத் தகட்டில் 21 வாட் சூடு பிறக்கும். சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடியதற்குச் சமம். கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும் என்பதால்தான் இவ்வளவு வித்தியாசம்.

ஆகவே அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: ஹீட்டர், அயர்ன் பாக்ஸ், கெட்டில் ஆகியவற்றை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டவே வேண்டாம், சுவர் சாக்கெட்டில்தான் மாட்ட வேண்டும். ஓட்டையைச் சுற்றிப் பழுப்பேறினாலோ, பிளக் லொடலொடத்தாலோ, மீன் நாற்றம் போல ஒரு வாடை வந்தாலோ (சில பிளாஸ்டிக்குகள் சூடேறினால் அப்படித்தான் நாறும்) அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடலாம். ஒயர் நீளமென்று சுருட்டிக் கட்டுவதும், மிதியடிக்கு அடியில் விடுவதும் கூடாது. சூடு வெளியேற வழியிருக்காது.

கேள்வி: ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து இன்னொன்றுக்கு இழுக்கலாமா?

வேண்டாம். இரண்டாவது பெட்டியின் மொத்தச் சுமையும் முதல் பெட்டியின் ஒரே ஓட்டை வழியாகப் போகும். மேலே சொன்ன தகடு ஞாபகமிருக்கட்டும்.

கேள்வி: சர்ஜ் புரொடக்டர் (திடீரென ஏறும் வோல்ட்டேஜிலிருந்து கருவிகளைக் காக்கும் பெட்டி) இருக்கிறது. இடி மின்னலுக்குப் பிளக்கைக் கழற்றணுமா?

கழற்றுங்கள். கிலோமீட்டர் கணக்கில் காற்றைக் கிழித்து வரும் மின்னலுக்கு, சுவிட்சுக்குள் இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளி ஒரு பொருட்டா? சர்ஜ் புரொடக்டருக்குள் இருக்கும் வேரிஸ்டர் என்ற சின்ன வில்லை, ஒவ்வொரு பெரிய அடியையும் வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். ஒருநாள் பாதுகாப்பைக் காட்டும் விளக்கு அணைந்துவிடும், ஆனால் பல மாடல்களில் கரண்ட் மட்டும் வந்துகொண்டே இருக்கும். அப்போது உங்களிடம் இருப்பது வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். ஆன்டெனா ஒயர், இணைய கேபிள் வழியாகவும் மின்னல் வரும் என்பதால் அவற்றையும் கழற்ற வேண்டும். எல்லாமே இடி தொடங்குவதற்கு முன். தலைக்கு மேல் இடிக்கும்போது பிளக்கைத் தொடப் போகாதீர்கள்.

கேள்வி: பெட்டியின் சுவிட்சை அணைத்த பிறகும் டெஸ்டர் எரிகிறது. ஏன்?

எங்கோ பேஸும் (கரண்ட் வரும் ஒயர்) நியூட்ரலும் (அது திரும்பிப் போகும் ஒயர்) இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். சுவிட்ச் நியூட்ரலை மட்டும் துண்டிக்கிறது. கருவி ஓடாது, ஆனால் ஷாக் அடிக்கும். எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை அதைப் பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி: எதையெல்லாம் மொத்தமாக அணைக்கக் கூடாது?

இங்க்ஜெட் பிரிண்டரை முதலில் அதன் பொத்தானில் அணையுங்கள். அப்போதுதான் இங்க் ஊற்றும் தலைப்பகுதி தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும்; பாதியில் கரண்ட் போனால் திறந்தபடி நின்று காய்ந்து அடைத்துக்கொள்ளும். விளக்கு வைத்த புரொஜெக்டரில் ஃபேன் நிற்கும்வரை பொறுங்கள். ஓஎல்இடி டிவி தன் திரையைச் சரிசெய்துகொள்வது ஸ்டாண்ட்பையில் இருக்கும்போதுதான், அதனால் பார்த்து முடித்ததும் சுவிட்சை அணைக்காதீர்கள். டெஸ்க்டாப் கம்ப்யூட்டரைத் தாராளமாக அணைக்கலாம். அணைந்திருக்கும் நேரமெல்லாம் உள்ளே உள்ள பொத்தான் பேட்டரிதான் கடிகாரத்தை ஓட்டும். சில வருடம் கழித்துத் தேதி தப்பாகக் காட்டினால், அந்த பேட்டரியை மாற்றினால் சரியாகிவிடும்.